மயக்க டாக்டரும் தின்னாத வாழைப்பழமும்

காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. அப்படிப்பட்ட இடம் அது. இரண்டு ஆபரேஷன் அறை, எட்டுப் படுக்கை, ஆறு மணிக்குப் பூட்டு. அங்கே விரிப்பு மாற்றுவதும் ஆட்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதும் பதினான்கு வருஷம் என் வேலை. எழுத்து எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அதில் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன்.

சொல்லப் போவது மயக்க டாக்டரைப் பற்றி. ஐம்பதை நெருங்கிய பெண். குட்டை. பழைய தலையணை உறையில் தானே தைத்துக்கொண்ட தொப்பி. பதினோரு மணிக்கு நின்றபடியே இரண்டு ரொட்டித் துண்டு, அதுதான் மத்தியானச் சாப்பாடு. அறுக்கிற டாக்டருக்குப் பழக்கூடை வரும், கைகூப்பல் வரும். இவருக்கு ஒன்றும் வராது. தூங்கப் போகிறவர் கடைசியாகப் பார்ப்பது இவர் முகத்தைத்தான். விழித்ததும் அது மறந்து போயிருக்கும். 'நீங்க யாரு?' என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். 'காலைல பேசினோமே' என்பார். அதற்கு மேல் விளக்க மாட்டார்.

அவருடைய அம்மா ஒரு தரம் கண்ணில் புரை எடுக்க அங்கேயே வந்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி, "அவனவன் பிள்ளை டாக்டராகி நோயைத் தீர்க்குறான். என் பொண்ணு ஆளைத் தூங்க வைக்கிறா. அதை நான் தொட்டில் ஆட்டியே செஞ்சிருப்பேனே, இவ்வளவு படிக்க வச்சிருக்க வேண்டாமே" என்றார்.

"தூங்க வைக்கிறது யார் வேணா செய்யலாம்மா. திரும்ப எழுப்பணும், அதுக்குத்தான் படிப்பு. இப்ப வாயத் திற, பல்லு ஆடுதா பார்க்கணும்."

"எனக்கு ஏதுடி பல்லு!"

மாதா மாதம் அவருக்குத் தபாலில் ஒரு மெல்லிய புத்தகம் வரும். மயக்க டாக்டர்களுக்கென்றே அச்சிடுவது. எந்த மருந்து மாறியது, எங்கே என்ன கோளாறு ஆனது, நோயாளியை எப்படிக் கவனிப்பது, எல்லாம் அதில் இருக்கும். டீ குடிக்கும்போது படித்துவிட்டு எங்களுக்கும் சொல்வார். தலைமை நர்ஸ், "இந்த மாசம் என்ன புதுசா பயமுறுத்தப் போறீங்க?" என்று கிண்டல் செய்வாள். அந்த அம்மாளுக்குப் புதுச் சட்டம் என்றாலே வேப்பங்காய். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாம் என்று புத்தகம் சொன்னபோது ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் அந்தப் புத்தகத்தில் ஓர் ஊசியைப் பற்றி வந்தது. எடை குறைய வாரத்துக்கு ஒன்று போட்டுக்கொள்கிறார்களாம். சர்க்கரைக்கும் போடுவதுண்டாம். அது வயிற்றைச் சோம்பேறியாக்கிவிடும். நேற்று ராத்திரி சாப்பிட்டது இன்று காலையிலும் அப்படியே கிடக்கும். மயக்கத்தில் இருக்கும்போது அது மேலேறி மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் புண்ணாகிவிடும். உயிரே போகலாம். பட்டினியாகத்தான் வந்தேன் என்று ஆள் சத்தியம் செய்வார், சத்தியமும் பொய்யாக இருக்காது.

மயக்க டாக்டர் மேனேஜரிடம் போய், கேள்வித்தாளில் இந்த ஊசி பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மேனேஜர், "ஆயிரம் தாள் அடிச்சு வச்சிருக்கு டாக்டர். அது தீரட்டும், அடுத்த தடவை சேர்த்துடலாம்" என்றார். சரி என்று டாக்டர் வாயாலேயே கேட்க ஆரம்பித்தார். எல்லோரையும் கேட்டார். பக்கத்தில் யார் நின்றாலும் கேட்டார். அங்கேதான் தவறு. இதை நானாகச் சொல்லவில்லை, பிற்பாடு அவரே சொன்னது.

நடை அக்கா என்று நாங்கள் பிற்பாடு பேர் வைத்தவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பித்தப்பையில் கல். அறுபது வயது இருக்கும். பூங்காவைச் சுற்றித் தினமும் காலையில் நடக்கிற பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. ஒரே வருஷத்தில் இருபத்திரண்டு கிலோ இளைத்தவர். யாராவது பிஸ்கட்டைக் கையில் எடுத்தால் போதும், அவர் பார்வை பட்டே பிஸ்கட் தட்டுக்குத் திரும்பிப் போய்விடுமாம். மருமகள் கூட வந்திருந்தாள். நடைக் கூட்டத்திலிருந்தும் இரண்டு பேர் ஒரே மாதிரிச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"எடை குறைய ஊசி ஏதாவது போட்டுக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா வாயைத் திறக்குமுன் கூட வந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். "இவங்களா, ஊசியா! எங்களை நடக்க வச்சே கொல்றாங்க டாக்டர்!"

அக்கா தன் இரண்டு காலையும் தட்டிக் காட்டினார். "இதுதான் டாக்டர் என் ஊசி. தினம் எட்டு சுத்து."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் கட்டிலைத் தள்ளினேன். கையில் மருந்துக் குழாய் ஏற்றியாகிவிட்டது. அப்போது அக்காவுக்கு ஓர் ஏப்பம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நேற்றுச் சாப்பாட்டின் வாடையோடு ஓர் ஏப்பம். டாக்டர் கை நின்றது. மூலையில் கிடந்த ஸ்கேன் மெஷினை இழுத்துவரச் சொன்னார். பசையைத் தடவி, மேல் வயிற்றில் வைத்துத் திரையைப் பார்த்தார். திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார்.

"வயித்துல சாப்பாடு இருக்கும்மா."

"பச்சைத் தண்ணி கூட குடிக்கலையே! பேத்தி மேல சத்தியமா!"

தலைமை நர்ஸ் போய் மருமகளைக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"அத்தை, மறைக்காதீங்க. என்ன எடுத்து வாயில போட்டீங்க?"

"ஒரு வாய் தின்னிருந்தாலும் சொல்லிடுங்கம்மா. உங்க உயிர் சமாச்சாரம் இது" என்றாள் நர்ஸ்.

அக்கா கூரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அஞ்சு மணிக்கு எழுந்தப்போ பசிச்சுது. ரெண்டு வாழைப்பழம் தின்னேன்" என்றார்.

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. உள்ளே வந்த சர்ஜனுக்குக் கோபம் கூட இல்லை. "விடுங்க, பசிச்சா யாராலதான் இருக்க முடியும்? நாளைக்குக் காலைல முதல் கேஸா வச்சுக்கலாம். இன்னைக்கு ராத்திரி வாயைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் தாளில் எழுதப் போனாள். அந்த வாழைப்பழம் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

மருமகள்தான் கெடுத்தாள். "வீட்டுல ஏது வாழைப்பழம்? கடைசி ரெண்டையும் நேத்து சாயங்காலமே பசங்க தின்னாச்சே. தோலை நடு ஹால்ல போட்டுட்டாங்கன்னு நீங்கதானே அத்தை கத்துனீங்க?"

மயக்க டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்து எழுதவிடாமல் நிறுத்தினார். "எல்லாரும் கொஞ்சம் வெளியில இருங்க."

"எதுக்கு டாக்டர்?"

"அஞ்சு நிமிஷம்."

எல்லோரும் போனார்கள். நான் அடுத்த கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தேன். விரிப்பு போடுகிறவளை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை, நானும் நகரவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பழம்னு எழுதினா உங்களை நாளைக்குக் கூப்பிடுவாங்க. நாளைக்கு எனக்கு வேற இடத்துல வேலை. இங்க வேற டாக்டர் வருவார், நல்லவர்தான். ஆனா ஒரு நாள் பட்டினி கிடந்து வர்ற ஆளுக்கு ஸ்கேன் வச்சுப் பார்க்கணும்னு அவருக்குத் தோணாது. நேரா மயக்கம் குடுத்துடுவார். உங்க வயிறு நாளைக்கும் இப்படியேதான் இருக்கும், இல்லையா?"

அக்கா விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றினார்.

"எத்தனை நாளா போடுறீங்க?"

"பதினோரு மாசம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. குளியலறையில. நடக்குறதும் நிஜம் டாக்டர். எட்டு சுத்து நிஜம். முன்னாடி நாலு வருஷம் நடந்தேன், ஒரு கிலோ இறங்கல. இதைச் சொன்னா நாளைக்கு எவ என் பின்னாடி நடப்பா? மருமக என்ன பேசுவா?"

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. சர்ஜனுக்கு மட்டும் சொல்லியாகணும், அது வேலை. இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஊசி எழுதிக் குடுத்த டாக்டரைப் பார்த்து எப்ப நிறுத்தலாம்னு கேளுங்க. மறுபடி வரும்போது முதல் நாள் முழுக்கத் தண்ணி ஆகாரம்தான்." ஒரு தாளில் எழுதி மடித்துக் கையில் கொடுத்தார். "இங்கதான் வரணும்னு இல்ல. எங்க போனாலும் படுக்குறதுக்கு முன்னாடி இதைக் காட்டணும்."

"காட்டாட்டி?"

"காட்டாட்டி என்ன ஆகும்னு சொன்னேனே. அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்? பின்னாடியே வர முடியுமா?"

சர்ஜனிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். சர்ஜன், "உடம்பு வேகமா இளைச்சா பித்தப்பையில கல்லு வரும்னு எனக்கே தோணியிருக்கணும்" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. வெளியே மருமகளிடம் டாக்டர், "உங்க அத்தை எதுவும் சாப்பிடல. வயிறு மெதுவா வேலை செய்யுது. நிறுத்தினது என் முடிவு" என்றார்.

மருமகள் சும்மா இருப்பாளா? "மூணு நாள் லீவு போட்டு வந்திருக்கேன்! சாப்பிடலைன்னா அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க? வேற இடமே இல்லையா இந்த ஊர்ல?" கூட வந்த இருவரும் தலையாட்டினார்கள். மயக்க டாக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். பயந்தாங்கொள்ளி டாக்டர் என்று அன்று முழுக்கப் பேச்சு. மேனேஜரும் கூப்பிட்டு முணுமுணுத்தார்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு மறுநாள் சாயங்காலம் போன் செய்வது டாக்டரின் வழக்கம். வாந்தி உண்டா, வலி எப்படி, நடந்தீர்களா என்று கேட்பார். ஆபரேஷனே ஆகாத நடை அக்காவுக்கும், வேறு இடத்து வேலை முடிந்து வந்து, என் பக்கத்தில் நின்றே செய்தார். "பக்கத்துல ஆள் இருந்தா ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க போதும். அந்த டாக்டரைப் பார்த்தீங்களா? தாள் பத்திரமா இருக்கா? வேற ஆஸ்பத்திரி ஏதாவது பேசியிருக்கா?" பதிலில் ஓர் 'இல்லை', ஓர் 'ஆமா', மறுபடி ஓர் 'ஆமா'. அடுத்த இரண்டு வாரமும் செய்தார். மூன்றாம் வாரம் யாரும் எடுக்கவில்லை.

அதற்குள் டாக்டர் ஒன்றை மாற்றியிருந்தார். கேள்வி கேட்குமுன் கூட வந்தவர்களை வெளியே அனுப்பினார். மனைவியானாலும் சரி, மகனானாலும் சரி. முணுமுணுத்தார்கள், போனார்கள். அந்த மாதத்திலேயே இரண்டு பேர் ஊசியை ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தர் தினமும் குடிப்பதை ஒப்புக்கொண்டார். நர்ஸ் என்னிடம், "இத்தனை நாளா கும்பலுக்கு நடுவுல கேட்டுட்டு இருந்திருக்கோம் பாருங்க பெரியம்மா" என்றாள். புதுச் சட்டம் ஒன்றை அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஐந்தாம் வாரம் நடை அக்கா வந்துவிட்டார். வேறு இடத்துக்குப் பேசித் தேதியும் குறித்திருந்தார்களாம். அக்காதான் பிடிவாதமாக இங்கேதான் என்று சொன்னாராம். அதே மருமகள் கூட. டாக்டர் அவளை வெளியே போகச் சொன்னார்.

"அவ இருக்கட்டும் டாக்டர். சொல்லிட்டேன்" என்றார் அக்கா.

"சொன்னது நல்லதுதான். அப்படியும் அஞ்சு நிமிஷம் வெளியில இருக்கட்டும். எல்லாருக்கும் அதான்."

மருமகள் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். டாக்டர் கேட்டார். ஊசி நான்கு வாரமாக இல்லை. நேற்று முழுக்கக் கஞ்சித் தண்ணீர். பல் ஆடவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தார். "மீதி இருந்த ஊசியை இப்ப அவ போட்டுக்கறா டாக்டர். என் பையனுக்குத் தெரியாது."

"ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தர் போடக்கூடாதும்மா. முதல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. மத்ததை அவ இங்க படுக்க வரும்போது அவகிட்ட கேட்டுக்கறேன்" என்று டாக்டர் பசையை எடுத்தார்.

திரையில் ஒன்றுமில்லை. திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தார், அப்போதும் இல்லை. பசையைத் துணியால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கட்டில் சக்கரத்தின் பிரேக்கை எடுத்துவிட்டேன்.