சுவிச்சை நான் தொடவில்லை

சென்ற சனிக்கிழமை வீட்டில் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது, பிள்ளைகளே.

என் மகள் டிலானி கெம்பஸில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். லீவுக்கு லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது தட்டையான இரும்புப் பெட்டி ஒன்றையும் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள். பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களில் இருப்பதாம். பெயரை நான் கேட்கவில்லை. அவளுக்குப் படிப்பிக்கும் சேர் கொடுத்த இரவல். திங்கட்கிழமை ஓடவைத்துக் காட்ட வேண்டும் — இல்லாவிட்டால் புரொஜெக்ட் பெயில்.

"இது என்னம்மா செய்யும்?"

"காலைல பெரட்டுல ஆளுக கூடுனதும் கங்காணி என்ன செய்வாரு? நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்குன்னு ஆள் பிரிச்சு விடுவாருல்ல? இது தகவல அப்படிப் பிரிச்சு விடும்ப்பா. கம்பனிக்காரன் போட்ட மூளைய, அதான் சொப்ட்வெயார, எடுத்துட்டு, யாரு வேணும்னாலும் படிச்சுத் திருத்துற மூளைய ஏத்தப் போறேன்."

லெப்டொப்பைப் பெட்டியோடு இணைத்து ஏற்றத் தொடங்கினாள். பெட்டிக்குள் இருந்த விசிறி, தேயிலைக் கொழுந்து வாட்டும் விசிறி போல ஒரே இரைச்சல்!

"என்னாங்க, லயத்துலயே பெக்டரி தொறந்துட்டீங்களா?" — பக்கத்து வீட்டிலிருந்து குரல்.

"அரை மணி நேரம் யாரும் சுவிச்ச தொட்றாதீங்க" என்றுவிட்டு, போனுக்கு சிக்னல் தேடி மேட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் இடித்தது.

இடி இடித்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? எல்லாப் பிளக்கையும் பிடுங்குவோம் அல்லவா? பிடுங்கினேன். சுவரில் இருந்த சுவிச்சில் விரல்கூடப் படவில்லை.

இரைச்சல் நின்றது. மகள் மழையில் நனைந்தபடி ஓடி வந்தாள்.

"யாரு நிப்பாட்டினது?"

"சுவிச்ச நான் தொடலம்மா... பிளக்கத்தான் புடுங்குனேன்."

"ஐயோ அப்பா! அந்தப் பெட்டிக்குப் பேருதான் சுவிச்சு! பாதிதான் ஏறியிருக்கும்."

"படிக்காதவரா இருந்தாலும் பரவாயில்லங்க. ஒரு வார்த்தை கேக்காதவரா இருக்கீங்களே" என்றாள் மனைவி.

இடி ஓய்ந்ததும் டிலானி பிளக்கைச் செருகினாள். விசிறி இரைந்தது. லெப்டொப் திரையில் மட்டும்... ஒன்றுமில்லை. இரவல் பெட்டி. பிள்ளையின் படிப்பு.

ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று.

"என்னம்மா சொல்லுது?"

"'எனக்கு மூளை இல்ல, யாராவது குடுங்க'ன்னு கேக்குதுப்பா." முதல் முறையாகச் சிரித்தாள். "மூளை ஏத்துற சின்ன புரோகிராம் தனியா ஒரு மூலைல இருக்கு. அது அழியல. முதல்ல இருந்து ஏத்திரலாம்."

இரண்டாம் முறை ஏறி முடியும்வரை நான் கதிரையை விட்டு எழவேயில்லை.

பிள்ளைகளே, தெரியாத சொல் என்றால் கேட்டிருப்பேன். சுவிச் என்றால் எனக்குத் தெரியாதா என்ன?

மூளை இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பெட்டியே வாய்விட்டுக் கேட்டது... நான்தான் கேட்கவில்லை!