மாடியில் வைத்த காற்றாடி

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும். எட்டு மணிக்கு வரும் என்பார்கள். சில நாள் வரும். எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். என் கணவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கருகிப்போன பம்புசெட் மோட்டார், லாரி டைனமோ எல்லாம் அவரிடம் வரும். பழைய கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரரின் பட்டுத் தறி இருந்தது.

கரண்ட் போன பிறகு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவேன். மண்ணெண்ணெய்ப் புகை எனக்கு ஆகாது. கண்ணில் நீர் வடியும், இருமுவேன். அவர் எதிரில் உட்கார்ந்து திரியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பார். 

ஒருநாள் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு மர வீட்டின் படம் இருந்தது. கூரைமேல் சின்னதாக ஒரு காற்றாடி. ஜன்னலுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நம்ம மாடி மேலயும் இந்த மாதிரி ஒண்ணு வெச்சா இன்னா?" என்றார்.

நான் படத்தைப் பார்த்தேன். அந்த வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெறும் புல்வெளி.

"அந்த வீட்டுக்குப் பக்கத்துல எதுவுமே இல்லீங்க. நமக்குக் கிழக்கால பக்கத்து வீட்டு மாடி உசரமா நிக்குது. மேற்கால வேப்பமரம். காத்து எங்கேருந்து வரும்?"

"ஆடி மாசம் துணி காயப் போட்டா பறந்து போவுதே, அது காத்து இல்லியா?"

மறுநாள் மூங்கில் கழி ஒன்றில் ரிப்பன் கட்டி மாடியில் நட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஏறிப் பார்த்தேன். காற்று இருந்தது. ஆனால் சுவரில் மோதி, மரத்தில் மோதி, குழம்பித்தான் வந்தது. ரிப்பன் ஒரு நிமிஷம் ஒரு பக்கம் நிற்காது. சுழலும், கழியைச் சுற்றிக்கொள்ளும், பிறகு செத்ததுபோல் தொங்கும். காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

"டீச்சரம்மா போட்டா தப்பா இருக்காது" என்று சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காற்றாடியைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

எங்கோ ஒதுக்கிப் போட்டிருந்த கார் டைனமோ ஒன்றைப் பிரித்தார். அது வேகமாகச் சுற்றினால்தான் கரண்ட் கொடுக்கும். மெதுவாகச் சுற்றினாலும் கொடுக்க வேண்டும் என்று மெல்லிய கம்பியாகப் பார்த்து, சுற்றுகளைக் கூட்டிச் சுற்றினார். இறக்கைகளை மரத்தில் இழைத்தார். தகரத்தில் ஒரு வால் வைத்தார். எல்லாவற்றையும் இரும்புக் குழாயில் ஏற்றி, தெருப்பக்கம் காற்று கொஞ்சம் அதிகம் என்று, தறி இருந்த அறைக்கு நேர்மேலே, தெருவிலிருந்து ஏணி போட்டு ஏறி, கைப்பிடிச் சுவரில் இறுக்கினார். பேட்டரி வைக்கவில்லை. முதலில் டைனமோவிலிருந்து நேராக ஒரு சின்ன பல்பு எரியட்டும், பேட்டரியெல்லாம் அப்புறம் என்றார். நான் கீழே நின்று, ஏணியைப் பிடித்துக்கொள்ளக்கூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் அந்த ஏணிதான் உறுத்துகிறது.

காற்றாடி சுற்றத்தான் செய்தது. இரண்டு சுற்றுச் சுற்றும், வால் திரும்பும், தடுமாறி நிற்கும். பல்பில் ஒரு பொட்டுச் சிவப்புகூட வரவில்லை. சுற்றும்போதெல்லாம் குழாய் அதிர்ந்து, சுவர் அதிர்ந்து, வீடு முழுக்க ஒரு உறுமல் கேட்டது. பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் பின்கட்டுக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"தம்பி, தப்பா நெனைக்காதப்பா. மேல அது சுத்தறப்பல்லாம் கூரையிலேருந்து சுண்ணாம்பு உதிருது. கீழ தறியில பாவு போட்டிருக்கேன். பட்டு நூல் மேல தூள் உக்காந்துக்கினு இருக்குது, தட்டவும் முடியல."

என் கணவர் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் அப்பவே சொன்னேண்ணே. கேட்டாத்தானே?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அடுத்தவர் முன்னால் சொல்லிவிட்டாயே என்ற பார்வை. உடனே மாடியேறிப் போய் இறக்கைகளைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தார். குழாய்க்கு அடியில் பழைய டயர்த் துண்டுகளை வைத்து அதிர்வைக் குறைக்கிறேன், பாவு முடியும்வரை அவிழ்க்கவே மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அந்த ஆடியில் அக்காவுக்குப் பிரசவம். உதவிக்கு நான் திருமுக்கூடலில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். ஆற்று மணல்மேல் தடையே இல்லாமல் காற்று ஓடிவரும் ஊர் அது. இவர் வைக்க வேண்டியது இங்கேதான் என்று அங்கே போயும் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. குழந்தையை விசாரித்திருந்தார். அடியில் இரண்டு வரி: நேற்றுச் சாயங்காலம் மழைக்கு முன்னால் நல்ல காற்று. கரண்ட் இல்லாத நேரம், விளக்கு எரிந்தது. நீ இருந்திருக்க வேண்டும்.

நான் நம்பவில்லை. காஞ்சிபுரம் திரும்பி, கையிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டேன்.

"கடையிலேருந்து பேட்டரி எடுத்துக்கினு வந்து மாட்டினீங்களா?"

விளையாட்டாகக் கேட்டதாகத்தான் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளையாட்டில்லை. அவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். காபி போட்டுக் கொடுத்தார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மாடியில் குழாயும் இல்லை, காற்றாடியும் இல்லை. சுவரில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அதையும் அந்த வாரமே சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்.

நல்லதாய்ப் போயிற்று என்றுதான் இருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் அங்கே சாயம் தோய்த்த நூலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்.

"ஏம்மா, அந்தக் காத்தாடிய ஏன் கழட்டிட்டாரு தம்பி? அன்னிக்கு எரிஞ்சுதே. பாவு முடிஞ்சிடுச்சு, அவுத்து உடுப்பான்னு நான்தான் சொன்னேன். மழைக்கு முன்னால அடிச்சுது பாரு காத்து, ஒரு கால்மணி நேரம் எரிஞ்சுதும்மா. தறிய உட்டுட்டு வந்து பார்த்தேன்."

"பேட்டரி இருந்துதாண்ணே?"

"பேட்டரியா? ரெண்டு ஒயருதான். காத்து கொறஞ்சா வெளக்கும் கொறையும். அதுக்கப்புறம் எத்தினி நாள் ஒக்காந்தாரு, எரியவே இல்ல. அது வேற விஷயம்."

துணியை அங்கேயே போட்டுவிட்டு நேராகக் கடைக்கு நடந்தேன். அவர் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரண்ணன் பார்த்தாராமே. அன்னிக்கே ஏன் சொல்லல?"

அவர் கை நிற்கவில்லை. சுற்றுகளை எண்ணி முடித்து, கம்பியை நறுக்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"உங்கிட்ட பேசறதுக்குக்கூட ஒரு சாட்சி வேணுமா எனக்கு?"

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கடைக்கு வந்திருந்த ஒருவர் மோட்டாரை வாசலிலேயே வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். என் கணவர் எனக்கு டீ வாங்கி வந்தார்.

"நீ சொன்னது சரிதான். அந்த மாடிக்கு அது ஆவாது. மாசத்துல ஒருநாள் எரியற வெளக்க வெச்சுக்கினு இன்னா பண்றது?" என்றார்.

"அது கெடக்கட்டும். எப்பிடி எரிஞ்சுது, சொல்லுங்க."

யோசித்துச் சொன்னார். முதலில் பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்ததாம். பிறகு மஞ்சளானதாம். காற்று ஓங்கியபோது, பாயின் கோரைகூடத் தனித்தனியாகத் தெரிந்ததாம். நான் திருத்தி வைத்துவிட்டுப் போயிருந்த ஒரு நோட்டை எடுத்து, படிக்க முடிகிறதா என்று பார்த்தாராம்.

"படிக்க முடிஞ்சுதா?"

"ரெண்டு வரி."

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒன்றாக வாழ்ந்தோம். வீட்டுக்கென்று புதிதாக எதையும் அவர் செய்து பார்க்கவில்லை. கேட்டால், கடை வேலையே சரியாக இருக்கிறது என்பார். இப்போது அவர் இல்லை. போன வருஷம் என் மகன் தன் வீட்டு மாடியில் சின்னக் காற்றாலை வைக்கலாமா என்று கேட்டான். சுற்றிலும் உயரமான கட்டடங்கள். காற்று குழம்பும், சுவர் அதிரும், வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு வெகுநேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

அவர் இறந்த வருஷம், துக்கம் விசாரிக்கப் பழைய வீட்டுக்காரர் தம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். எல்லோரும் போனபின் அவரிடம் கேட்டேன். "அன்னிக்கு வெளக்கு எரிஞ்சப்போ இவரு மொகம் எப்பிடிண்ணே இருந்துது?"

நினைவுபடுத்திப் பார்த்தார்.

"தெரிலயேம்மா. நான் பல்பத்தான் பார்த்துக்கினு இருந்தேன்" என்றார்.