இரட்டைச் சுழி

சலூன்காரருக்கு முகம் மட்டும் நினைவில் நிற்காது. பழகிய வாடிக்கையாளர் எதிரே வந்து சிரித்தாலும் பேந்தப் பேந்த விழிப்பார். அதே ஆள் திரும்பி நடந்தால் போதும், பிடரியைப் பார்த்ததும் பேரில் தொடங்கி மாமனார் வீட்டுச் சண்டை வரை ஒப்பிப்பார். பின்னே, பிழைப்பு முழுக்கப் பின்மண்டையோடுதானே!

அந்தக் குணமே அவர் குடியைக் கெடுத்தது. கடைக்கு இரண்டு தெரு தள்ளி, இருட்டுச் சந்தில் எவனோ போதைப் பொட்டலம் விற்றான். வாங்கியவர் மாறுவேடத்தில் வந்த போலீஸ்காரர். விற்றவன் கம்பி நீட்டிவிட்டான். ஸ்டேஷனில் பழைய அடிதடி வழக்கு ஒன்றில் எடுத்த சலூன்காரரின் போட்டோ கிடந்தது. அதை மட்டும் நீட்டி, "இவன்தானே?" என்று கேட்டார்கள். நாலு பேரோடு நிறுத்திக் காட்ட வேண்டாமா? அதற்கெல்லாம் யாருக்குப் பொழுதிருக்கிறது! "இவனேதான்" என்றார் போலீஸ்காரர். ஏழு வருஷம் ஜெயில் போட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்த ஒரே வழி மேல்முறையீடு. அதுவும் போனால் மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அப்பா உள்ளேதான்.

வக்கீலம்மா அந்த ஒற்றைப் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே வாதாடினார். முன் பெஞ்சில், அடையாளம் காட்டிய அந்தப் போலீஸ்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் காவலோடு இருந்த சலூன்காரருக்குத் திக்கென்றது. உச்சியில் இரட்டைச் சுழி, காதுக்குப் பின்னால் முடி முளைக்காத தழும்பு. தாடியோடு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த அதே மண்டை! "ரெட்டைச் சுழி சார், ரெண்டு கல்யாணம், வீட்ல சொல்லிடாதீங்க" என்று கேலிகூடச் செய்திருக்கிறார்.

வக்கீலம்மாவைக் கூப்பிட்டுக் குசுகுசுத்தார். "அம்மா, இவரு எங்கிட்ட முடி வெட்டிருக்காரு. என் மூஞ்சிய கடைக் கண்ணாடியிலதான் பாத்திருக்காரு, சந்துல இல்ல."

வக்கீலம்மா எழுந்து சொன்னார். போலீஸ்காரர் யோசித்தார். "எத்தனையோ கடையில வெட்டியிருக்கேன் ஐயா. ஞாபகம் இல்ல." பொய் சொல்வதாகவும் தெரியவில்லை.

நீதிபதி சலூன்காரரைப் பார்த்தார். "கீழ்க்கோர்ட்ல எதிரிலயே நின்னாரே, அப்ப ஏன் சொல்லல?"

"அப்ப முகத்தத்தான் பாத்தேன் ஐயா."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "ஒரே ஒருத்தர் இங்க உக்காந்திருக்காரு. அவரு யாருன்னும் உங்களுக்குத் தெரியும். பாத்துட்டு இவருதான்னு சொல்றீங்க. காலையிலேர்ந்து உங்க வக்கீல் தப்புன்னு சொல்றது இதைத்தானே?"

வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டார். பயிற்சி பெற்ற அதிகாரியின் கண்ணை நம்பலாம் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அந்தக் கண்ணுக்குத் தனக்கு முடி வெட்டியவனையே தெரியவில்லையே என்று கேட்க அங்கே நாதியில்லை.

வராந்தாவில் மனைவியோடு பேச இரண்டு நிமிஷம் விட்டார்கள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"ஏங்க, அந்தாளு உங்க கடைக்கு வந்தது நிச்சயந்தானா?"

"நிச்சயம்" என்று சொல்ல வாயெடுத்தார். எத்தனை மண்டை, எத்தனை சுழி, எத்தனை தழும்பு! தன் பிடரியைத் தடவிக்கொண்டார்.

கைதான நாளிலிருந்து ஒருமுறைகூடக் கேட்காததை அப்போது கேட்டாள்.

"அப்ப அந்தப் பொட்டலம்?"

"சத்தியமா நான் இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.