கேன்காரர் போட்ட பெருக்கல் குறி

நிலநடுக்கத்துக்கு முன்னால் அவருக்கு மாடிப்படி என்றால் தூசு. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறி, வாசலில் நின்று ஊர்வம்பும் பேசிவிட்டு வருவார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, கேன்காரர் என்றால் தெரியும். அவருக்கும் யார் பெயரும் தெரியாது. ‘முதல் மாடி, நாய் இருக்கிற வீடு’, ‘மூணாம் மாடி, ரெண்டு கேன்’ என்று தெருவையே மனப்பாடமாக வைத்திருந்தார்.

அதற்காகத்தான் நிவாரணக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. புருஷனைப் பறிகொடுத்த பெண்களின் வீடுகளுக்கு அரிசியும் பால் பவுடரும் போர்வையும் சேர்க்க வேண்டும். ஆள் இருக்கும் கட்டடத்தின் வாசலில் சாக்பீஸால் வட்டம், ஆளே இல்லையென்றால் பெருக்கல் குறி. ஆனால் எந்தக் கூரைக்குக் கீழே போனாலும் அவருக்கு ஈரக்குலை நடுங்கியது. இதை யாரிடமும் சொல்லவில்லை, வீறாப்பு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகத் தெருவில் நின்றே குரல் கொடுப்பார். பெண்கள் இறங்கி வந்து வாங்கிப் போவார்கள். பத்து நாள் இப்படியே வண்டி ஓடியது.

பதினோராம் நாள் மதியம். லேசாகச் சாய்ந்து நின்ற மூன்று மாடிக் கட்டடத்தில், போக்கிடம் இல்லாமல் மிச்சமிருந்தது ‘ரெண்டு கேன்’ வீட்டுப் பெண் மட்டும்தான். தினமும் கைக்குழந்தையோடு இறங்கி வருகிறவள் அன்று வரவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டார். மேலே எங்கேயோ தட்டைத் தட்டுகிற சத்தம். பூனையாக இருக்கும், அவள் நிவாரணக் கூடாரத்துக்குப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தரை அசைந்தது. பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது குழுத்தலைவி சொன்னாள்: “பெருக்கல் போட்ட கட்டடத்தையெல்லாம் இன்னைக்கு இடிக்கிறாங்களாம். உங்க தெருவுலதான் ஆரம்பம்.”

கேன்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?”

எழுந்து ஓடினார். பூனைதான், பூனைதான் என்று வாய் முணுமுணுத்தது. எந்தப் பூனை தட்டைத் தட்டும் என்று மனசு கேட்டது. தெருவில் இடிக்கிற இயந்திரம் பக்கத்துக் கட்டடத்தை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

“நிறுத்துப்பா, மேல ஆள் இருக்கு.”

“பெருக்கல் போட்டிருக்கே?” என்றான் ஓட்டுநர்.

“போட்டவன் நான்தான். நிறுத்து.”

படியில் சுவரைப் பிடித்துத் தவழ்ந்து ஏறினார். இரண்டாம் மாடியில் தலைமேல் காரை உதிர்ந்தபோது அப்படியே உட்கார்ந்து அழுதார். கீழே போய்விடலாம் போலத்தான் இருந்தது. எப்படியோ எழுந்து ஏறினார்.

மூன்றாம் மாடிக் கதவு, நிலை கோணிப்போய் இறுகிக் கிடந்தது. தோளால் நாலு இடி இடித்ததும் திறந்தது. உள்ளே அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை, கையில் கரண்டி.

“முந்தாநாள் ராத்திரி ஆடினப்ப கதவு சிக்கிக்கிச்சுண்ணா,” என்றாள். குரல் காற்றாக வந்தது. “கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுச்சு. நேத்து நீங்க கூப்பிட்டப்ப தட்டைத் தட்டினேன். அப்புறம் உங்க சத்தமே இல்ல. பாவம், காதுல விழலை போலன்னு நினைச்சேன்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே பொய்யைத் தயார் பண்ணிக் கையில் கொடுத்துவிட்டாள்.

கேன்காரர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“விழுந்துச்சும்மா,” என்றார். “பயந்து போயிட்டேன்.”

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். குழந்தையை அவர் தோளிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.