மூன்றாம் மாடியில் ஒருவர் பாக்கி

வெலாபி சூங்குவுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஜோஹன்னஸ்பர்க்கின் கிழக்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய கம்பளி ஆலையில் முப்பத்தோரு வருஷம் சாமான் லிஃப்ட் ஓட்டினார். ஓட்டினார் என்றால், ஒரு பித்தளைக் கைப்பிடியை மேலே தள்ளுவார், பிறகு கீழே இழுப்பார். அத்தனை வருஷம் மேலும் கீழுமாகப் போன தூரத்தை நேராகப் போயிருந்தால் கடலைப் பார்த்திருக்கலாம். அவர் பார்த்தது ஐந்து மாடிகள்.

ஆலை நல்ல இடம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பஞ்சு நெஞ்சுக்குள் போகும். இருமினால் கம்பளி வரும். வெளிநாட்டுப் போர்வைகள் மலிவாகக் கப்பலில் வந்து இறங்கியதும் முதலாளி கதவைப் பூட்டினார். எட்டு வருஷம் புறாக்கள் வாடகையில்லாமல் இருந்தன. வெலாபி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். புறாவிடமிருந்து எதைக் காப்பது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகு தலைக்கவசம் போட்ட இளவட்டங்கள் வந்தார்கள். மருத்துவர் வயிற்றைத் தட்டுவதுபோல் சுவர்களைத் தட்டினார்கள். பூச்சைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே எடுத்தார்கள். நம் வீட்டில் பூச்சு உதிர்ந்தால் தரித்திரம். அதையே காசு கொடுத்து உதிர்த்தால் சதுர மீட்டருக்குக் கூடுதல் விலை. தரைத்தளத்தில் காப்பிக்கடை, பீர் கடை, சைக்கிள் கடை. முதல் இரண்டு மாடி அலுவலகங்கள். மூன்றிலிருந்து மேலே வீடுகள். மொட்டை மாடியில் காலையில் யோகா, மாலையில் ஜின். மொத்தத்துக்கும் 'பிளாங்கெட்' என்று பெயர். உள்ளே ஒரு போர்வை கிடைக்காது.

பழைய செங்கல், பழைய தூண், பழைய வெலாபி, இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டத்தில் முடிவானதாம். புதுத் துணியில் பழசுபோலத் தைத்த சாம்பல் நிற உடுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். அவருடைய லிஃப்ட்டைத் தரைத்தளத்தில் அசையாமல் நிறுத்தி, அதற்குள் காப்பிக்கடை வைத்தார்கள். அவர் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு பாபா?" என்று கேட்பார்கள்.

"கால் வலிச்சுது," என்பார். "இப்பவும் வலிக்குது."

அவர்கள் சிரிப்பார்கள். அவர் வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. அந்த மனிதருக்கு இருந்த அசதி தூங்கினால் போகிற அசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் திங்கட்கிழமை அதே இடத்தில் காத்துக்கொண்டு நிற்கும். காரணம் மூன்றாம் மாடியில் இருந்தது. அதன் பெயர் பெகானி சித்தோலே.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், குளிர்கால ஆர்டர் மும்முரத்தில், மூன்றாம் மாடியில் அடுக்கியிருந்த கம்பளிப் பொதிகள் சரிந்தன. அடியில் அங்கே வேலை பார்த்த பெகானி. இழுத்து எடுத்தபோதே ஆள் போய்விட்டான். வெலாபிதான் லிஃப்ட்டில் கீழே இறக்கினார். ஆலைக்குள் சாவு என்றால் அதிகாரிகள் வந்து மாடியை மூடுவார்கள். ஆஸ்பத்திரியில் சாவு என்றால் மூட மாட்டார்கள். மேனேஜர் லிஃப்ட் வாசலில் நின்று, "எறங்கும்போது மூச்சு இருந்துச்சுல்ல, சூங்கு?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"இருந்துச்சு," என்றார் வெலாபி. வேலை நிலைத்தது.

எங்கள் ம்சிங்கா பக்கத்தில், வெளியூரில் செத்தவனின் உடம்பை மட்டும் கொண்டுவந்து புதைத்தால் போதாது. உயிர் போன இடத்துக்கே காட்டு இலந்தைக் கிளையோடு போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையோடு கூட்டிவர வேண்டும். கிளை ஏந்தியவர் வீடு சேரும்வரை மனிதர் யாரிடமும் பேசக்கூடாது. செத்தவனிடம் மட்டும்தான் பேசலாம். டாக்சி வேனில் அவனுக்கும் ஓர் இருக்கை, முழுக் கட்டணத்தில். இடம் தவறினால் ஊருக்கு வருவது வெறும் கிளை.

பெகானியின் வீட்டார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவசரப் பிரிவின் கட்டிலருகே அண்ணன் எல்ஃபஸ் கிளையை நீட்டிக் கூப்பிட்டார். நர்ஸ்கூட ஒதுங்கி வழிவிட்டாள். ஊரில் ஆடு வெட்டினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது, ஆள் அங்கே இல்லை என்பதைத் தவிர.

வெலாபிக்கும் ம்சிங்காதான் ஊர். டிசம்பர் விடுமுறையில் போகும்போது சித்தோலே வீட்டைத் தாண்டுகிற நேர்ப்பாதையை விட்டு, ஆற்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் கூடுதலாக நடப்பார்.

சென்ற மாதம் விற்பனைப் பெண் பொனோலோ ஓடிவந்து, "பாபா, மூணாவது மாடில ஆளுங்களுக்குக் காட்டற மாதிரி வீட்டையும் வித்தாச்சு! வெள்ளிக்கிழமை சாவி குடுக்கறோம்!" என்றாள். மற்ற வீடுகள் ஏற்கெனவே போய்விட்டன. இனி அந்த மாடியில் கால் வைக்க விரல் ரேகை வேண்டும். செத்தவனுக்கு ஏது ரேகை? அன்று மதியம் வெலாபி தெருவுக்குப் போய், பெகானியின் மனைவி மாசிபியாவுக்குப் போன் போட்டார்.

"மா, சூங்கு பேசறேன். லிஃப்ட் சூங்கு."

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"இன்னும் இல்ல மா. பெகானி விஷயம். அவரு ஆஸ்பத்திரில போகல. மூணாவது மாடியிலயே போயிட்டாரு. பதினொண்ணாம் தூண்கிட்ட."

மறுமுனையில் கோழிகள் மட்டும் கேட்டன.

"மூச்சு இருந்துச்சுன்னு சொன்னது நீங்கதானே சூங்கு?"

"நான்தான் மா."

"இருபத்திரெண்டு வருசமா அந்த மனுசன் தலையெல்லாம் பஞ்சோட கனவுல வந்து கதவத் தட்டறான். தொறந்தா ஆளில்ல. குறி சொல்றவளுக்கு மூணு ஆடு குடுத்தேன். எம்மேல என்ன குத்தம்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"தெரியும் மா. ஊர்ல சொன்னாங்க."

"தெரியுமா? தெரிஞ்சுமா?"

வெலாபி போனை மறு காதுக்கு மாற்றினார். "வியாழக்கிழமைக்குள்ள வரணும்," என்றார்.

"வர்றோம். உங்க மூஞ்சியப் பாக்க இல்ல."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். மாசிபியா கறுப்புச் சால்வையில். எல்ஃபஸ் கோட்டும் தொப்பியுமாக, கிளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு. வீடு பார்க்க வந்தவர்கள் என்று வெலாபி சொல்லியிருந்தார். அது பொய்யும் இல்லை.

பொனோலோ காலணி மேல் மாட்டுகிற நீல உறைகளை நீட்டினாள். "வாங்க மா, வாங்க பாபா. தண்ணி குடிக்கறீங்களா? பபுள் தண்ணியா, சாதா தண்ணியா?"

"தண்ணியில எதுக்கும்மா பபுள்?" என்றார் மாசிபியா.

எல்ஃபஸ் வாய் திறக்கவில்லை. "பாபாவுக்குப் பேச்சு வராதா?" என்றாள் பொனோலோ.

"வரும். நம்மகிட்ட வராது."

பொனோலோ புரியாமல் சிரித்தாள். வீட்டுக்குள் எங்கிருந்தோ மெல்லிய இசை வந்துகொண்டிருந்தது. எல்ஃபஸ் நேராகக் கூடத்துக்குப் போனார். அங்கே ஒரு தூணில் பெரிதாகப் பதினொன்று என்று எழுதியிருந்தது. சோபாவுக்கும் தூணுக்கும் நடுவே மண்டியிட்டுத் துணியைப் பிரித்தார்.

வெலாபி ஜன்னலைப் பார்த்தார். பெகானி செத்த அன்றைக்கு, லிஃப்ட்டில் ஏற்றும்வரை அவர் பக்கத்தில் நின்று, பிணத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலின் நடுவில் ரயில்வே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இங்கே தொட்டி இல்லை, வானம்தான் இருந்தது.

"பொனோலோ, இந்த நம்பரெல்லாம் பழசுதானே?"

"பழசு மாதிரி, பாபா. அழிஞ்சு போயிருந்துச்சு. டிசைனருக்கு அந்த எழுத்து ரொம்பப் புடிச்சுது. அதான் புதுசா எழுதினோம். பதினொண்ணு கூடத்துல வந்தா படத்துக்கு நல்லா இருக்கும்னாரு."

வெலாபி தொட்டியைத் தேடினார். ஜன்னல் ஜன்னலாக நடந்தார். சமையலறை, இல்லை. நடை, ஓரத்தில் தொட்டியின் கால் தெரிந்தது. படுக்கையறை. தொட்டி ஜன்னலின் நடுவில் வந்து நின்றது. அவர் அப்படியே நின்று, திரும்பாமல், கையைப் பின்னால் நீட்டினார். சறுக்குக் கதவும் கண்ணாடியுமாக, சுவரோடு சேர்த்த துணி அலமாரி.

"இங்க," என்றார்.

எல்ஃபஸ் வந்தார். பொனோலோ அலமாரியைத் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில், "இது விலையில சேர்ந்ததுதான் மா, தனியா குடுக்க வேண்டாம்," என்றாள். எழுபது வயது மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, முள் கிளையோடு அலமாரிக்குள் குனிந்து ஏறுவதைப் பார்த்ததும் அவள் வாய் நின்றது. அவளும் யாரோ ஒருவரின் பேத்திதான். போய் இசையை நிறுத்தினாள். கால் உறையையும் செருப்பையும் கழற்றிவிட்டு வந்து சுவரோரம் நின்றாள்.

"ஜோபே," என்று எல்ஃபஸ் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "தம்பி, நான்தான். தப்பான எடத்துக்குப் போயிட்டோம். கோவிச்சுக்காத. வா, வீட்டுக்குப் போகலாம்."

கொஞ்ச நேரம் பொறுத்தார். கிளையை அசைத்துப் பார்த்தார். ஆள் ஏறினால் கனக்கும் என்பார்கள். அவர் முகத்தில் கனம் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டார், மறுபடி பொறுத்தார். மாசிபியா சால்வை நுனியைக் கடித்துக்கொண்டார்.

எல்ஃபஸ் வெலாபியிடம் பேசக்கூடாது. ஆகவே அலமாரியிடம் பேசினார். "தம்பி, நீ ஏன் வரலேன்னு எனக்குப் புரியுது. உன்னப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிட்டான். அந்த வார்த்தை இன்னும் உன்மேல கெடக்கு. பொதிய எடுத்தாங்க, வார்த்தைய எடுக்கல. அந்த ஆளு இந்த ரூம்லதான் இருக்கான்னு நெனக்கிறேன். வாயிருந்தா பேசட்டும்."

அந்த நேரத்தில் வெளிக் கதவு மணி அடித்தது. வீட்டை வாங்கிய தம்பதி அளவெடுக்கப் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து நாற்பதுக்கே வந்துவிட்டார்கள். பொனோலோ வெறுங்காலோடு ஓடிக் கதவைப் பாதி திறந்தாள். அவள் குரல் நடைவழியில் கேட்டது.

"ஸாரி மேடம், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. முன்னாடி இருந்தவரு இப்பத்தான் காலி பண்ணிட்டிருக்காரு."

"மாதிரி வீட்ல யாரு இருந்தாங்க?"

"ரொம்ப நாளா ஒருத்தர். தொந்தரவே இல்லாத ஆளு."

கதவு மூடியது. வெலாபி அலமாரி முன்னால் உட்கார்ந்தார். உட்காருவதற்கே கொஞ்ச நேரம் எடுத்தது, முழங்கால் அப்படி.

"ஜோபே, நான் சூங்கு," என்றார். "கம்பிக் கதவ மூடறதுக்கு முன்னாடியே நீ போயிட்ட. உன் கை சில்லுன்னு இருந்துச்சு. மூச்சு இருந்துச்சான்னு மேனேஜர் கேட்டான். இருந்துச்சுன்னேன். இல்ல. அப்ப எனக்குச் சின்னப் புள்ளைங்க நாலு. அதச் சொல்லித் தப்பிக்க வரல, சும்மா சொல்றேன். நீ செத்த எடம் இதுதான். நான் பாத்தேன். வீட்டுக்குப் போ, ஜோபே. எனக்கும் முடியல."

பிறகு எல்ஃபஸ் இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கை போதாதவர்போல. "தலைய இடிச்சுக்காத," என்று கிளையிடம் சொல்லிக்கொண்டே அலமாரியை விட்டு இறங்கினார். மாசிபியா அப்போதுதான் அழுதார், சத்தமில்லாமல்.

படிக்கட்டில் இறங்கினார்கள். எல்ஃபஸ் திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிக்கொண்டே வந்தார். "படி வருது. இங்க ஆபீஸு, எல்லாரும் பொட்டியப் பாத்துக்கிட்டு இருக்காங்க, நமக்கென்ன. இது உன்ன எறக்கின லிஃப்ட்டு, தம்பி. உள்ள காப்பி விக்கிறாங்க. ஒரு கப்பு நாப்பத்திரெண்டு ராண்டாம். பாக்காத, வா."

டாக்சி நிலையம் இரண்டு தெரு தள்ளி. ம்சிங்கா வேனில் மாசிபியா மூன்று இருக்கைக்குக் கொடுத்தார். ஓட்டுநர் கிளையைப் பார்த்தார், மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்கவில்லை. கடைசியாக ஏற வந்த ஒரு பெரியம்மா மட்டும், "காலியாத்தானே இருக்கு, கொஞ்சம் நகருங்களேன்," என்றார். வேன் முழுக்க ஒரே நேரத்தில், "ஆள் இருக்கு!" என்றது.

வெலாபி ஜன்னலருகே போய், "மா," என்றார்.

"நாளைக்கு ஆடு வெட்டறோம்," என்றார் மாசிபியா. "இவ்வளவு நாள் எங்க இருந்தான்னு ஊரே கேக்கும். உங்க பேரச் சொல்லுவேன்."

"சொல்லுங்க மா."

"எடத்தக் காட்டினது நீங்கதான்னும் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லுவேன். எது பெருசுன்னு இன்னும் எனக்குத் தெரியல." மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அவித்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து ஜன்னல் வழியாக நீட்டினார். "சாப்பிடுங்க. விழுந்துடுவீங்கபோல இருக்கு."

வேன் கிளம்பியது. உள்ளே எல்ஃபஸ், "தம்பி, வண்டி எடுத்துட்டாங்க. இனிமே வழியில வால் ஆறு தாண்டும்போது சொல்றேன், அதுவரைக்கும் தூங்கு," என்று சொன்னது தெருவரை கேட்டது.

வெலாபி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார். போனில் பொனோலோவின் செய்தி வந்திருந்தது: கட்டட மேனேஜர் கேமராவில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், உடனே வரச் சொல்கிறார். அவர் படித்துவிட்டு, போனைப் பையில் வைத்து, மீதி ரொட்டியையும் அவசரமில்லாமல் மென்றார்.