தனுஷ்கோடிக்கு எஃப்.சி. முடிந்த தேதி

எங்கள் தெருப் பள்ளியின் சுவரில், லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் குமரேசன் இன்று இந்திய வரைபடத்தை வரைந்து முடித்திருந்தார். நாளை காலை திறப்பு விழா.

தனுஷ்கோடி முனைவரை ரயில் பாதை ஓடியது. அவர் பார்த்து வரைந்தது பழைய படம்.

“இந்தக் கரை இப்ப இப்படி இல்லீங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல்ல ரயில் பாதையே கடலோட போயிருச்சு” என்றேன்.

பின்னால் வந்த பள்ளித் தாளாளர் காதில் அது விழுந்துவிட்டது.

“தப்பான படமா? மொத்தமா அழிச்சிருங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்.”

குமரேசன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“தப்பில்லீங்க, பழசுங்க” என்றார் தாளாளரிடம். “லாரி ஓடத் தகுதின்னு குடுக்கற எஃப்.சி. எந்தத் தேதி வரைக்கும்னு எழுதறமில்லீங்க, அதாட்டம் இந்தக் கரைக்கும் எழுதிப்போடறேன். இப்பத்த கரையச் செவப்புல பக்கத்துலயே இழுத்தர்றேன். புள்ளைங்க ரெண்டையும் பாக்கட்டும்.”

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “செரி, எழுதுங்க.”

இப்போதுதான் குமரேசன் என்னைப் பார்த்தார். “தேதி சொல்லுங்க சாமி. ராத்திரின்னீங்களே, இருபத்திரெண்டா, இருபத்திமூணா?”

புயல் கரையைக் கடந்ததோ நள்ளிரவை ஒட்டி. சுவரருகே நின்றுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன். பிரஷ் காய்கிறது, நண்பர்கள் விரைந்து கருத்துரைக்கவும்.