மூலையில் இல்லாத பெயர்

கொல்லிமலையில் குழந்தைசாமியின் பிரஷ் படாத சுவர் குறைவு. ரேஷன் கடையோ, கோழிக்கடையோ, எந்தக் கட்சியோ, எழுதி முடித்ததும் வலது கீழ்மூலையில் சிவப்பில் ‘கே.எஸ். ஆர்ட்ஸ், செம்மேடு’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு மிளகுக் கொத்தையும் வரைந்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். அந்த மூலைக்கு ஆகிற நேரத்தில் இன்னொரு சுவரே எழுதிவிடலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ஒரே ஒரு சுவரில்தான் அவர் அதைப் போடவில்லை.

திண்ணனூர் நாட்டுக் கிராமம் ஒன்றில் குவாரிக்காரர்கள் பாறைக்கு வெடி வைக்க வந்த சமயம் அது. தன் மரவள்ளிக் காட்டை ஒட்டியே வெடி என்று தெரிந்ததும் அந்த ஊர்ப் பெருமாயி அவரைத் தேடி வந்தாள்.

“எங்கூட்டுச் செவுத்துல எழுதிக் குடு சாமி. ரோட்டுல போறவங்க அத்தனை பேரும் படிக்கோணும்.”

‘எங்கள் மலையை உடைக்காதே.’ ஆசை ஆசையாய் எழுதினார். அவர் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். மூலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. குவாரிக்குப் பின்னால் இருக்கும் தலைவர் யாரென்று ஊருக்கே தெரியும். கட்சிச் சுவர்களை எழுதக் கொடுப்பதும் அவருடைய ஆட்கள்தான். பேசாமல் பிரஷைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான்காம் நாள் போலீஸ் வந்தது. யார் எழுதியது என்று கேட்டார்கள்.

“நாந்தானுங்க எழுதுனேன்” என்றாள் பெருமாயி. அவளுக்கு ‘அ’னாகூடத் தெரியாது. அவர்களுக்கென்ன, ஆள் கிடைத்தால் போதும். தானே எழுதியதாக அவர்கள் நீட்டிய காகிதத்தில் கட்டைவிரலை உருட்டினாள். கூட்டத்தில் நின்ற குழந்தைசாமியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அட பாவி மனுஷா, ‘நான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? அவர் சொல்லவில்லை.

அதிலிருந்து மாதம் ஒரு நாள், எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே அவள் கீழே கோர்ட்டுக்குப் போய்வந்தாள். அப்படி ஒரு நாள் அவள் போயிருந்தபோது கட்சிக்காரர் யுவராஜ் பைக்கில் வந்து நின்றார்.

“ஏனுங்க பெயிண்டரே, தலைவர் வாராருங்க. அந்தச் செவுத்துல வெள்ளையடிச்சுட்டு ‘வருக வருக’ன்னு எழுதிப்போடுங்க.”

தன் எழுத்தின் மேல் தானே சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் ‘வருக வருக’ என்று எழுதினார். எழுதி முடித்த கை, பழக்க தோஷம், மூலையில் பேரைப் போட்டு மிளகுக் கொத்தையும் வரைந்துவிட்டது.

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய பெருமாயி சுவரைப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் ஒடுங்கி நின்றார். அவளோ குனிந்து மிளகுக் கொத்தைத் தொட்டாள். கட்டைவிரலில் சிவப்பு ஒட்டியது.

“இது உன்ற பேருதானே சாமி? எல்லாச் செவுத்துலயும் பார்த்திருக்கறேன்.”

“ஆமாங்க்கா.”

“அன்னிக்கு எழுதுனதுல இதைக் காணமே?”

“பயந்துட்டேனுங்க்கா.”

பெருமாயி விரலைச் சேலையில் துடைத்தாள்.

“நானுந்தான் சாமி பயந்தேன்” என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.